காலேஜ்ல எடுத்த மேஜர்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்குமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என்னோட பதில்களும்

நான் படிச்சது வேதியியல். ஆனா பதினஞ்சு வருஷத்துக்கு மேல பாக்குறது டேட்டா வேலை, அதுல கடைசி ஏழெட்டு வருஷமா டீமுக்கு ஆள் எடுக்குறதும் என் தலையிலதான். அதனாலயோ என்னவோ, தெரிஞ்சவங்க வீட்டுப் பசங்க, அவங்க அப்பா அம்மா, வேலையில சேர்ந்துட்டு முழிச்சிட்டு இருக்குறவங்கன்னு எல்லாரும் சுத்திச் சுத்தி இதே கேள்விகளத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதான் மொத்தமா எழுதி வெச்சிட்டேன். மேஜர்னு நான் சொல்றது டிகிரியில முக்கியமா எடுத்துப் படிக்கிற பாடத்த, சில பேர் டிப்பார்ட்மென்ட்னு சொல்லுவாங்க சில பேர் குரூப்னு சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணுதான்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, மேஜர் முக்கியமா இல்லையா?

முக்கியம்தான், ஆனா எல்லாரும் நினைக்கிற இடத்துல இல்ல. உங்க முதல் வேலை எதுங்குறத முடிவு பண்றதுல மேஜருக்குப் பெரிய பங்கு இருக்கு. அந்த முதல் வேலையில ஒரு நாலு வருஷம் ஓட்டிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் உங்க ரெஸ்யூமே பாக்குற ஆளு டிகிரி வரியத் தேடி கடைசிப் பக்கத்துக்குக் கூட போறதில்ல. நான் போறதில்ல. கடைசியா என்ன வேலை பாத்தாரு, என்ன பண்ணாருன்னுதான் பாப்பேன், அதுல திருப்தி ஆச்சுன்னா படிச்சது தாவரவியலா இருந்தாலும் பொருளாதாரமா இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அதனால மேஜர் முக்கியமான்னு பொதுவா கேக்காதீங்க, நான் போகணும்னு நினைக்கிற வேலை பூட்டுப் போட்ட வேலையா, திறந்து கிடக்குற வேலையான்னு கேளுங்க.

பூட்டுப் போட்ட வேலைன்னா என்ன?

லைசென்ஸ் இல்லாம செய்யக்கூடாதுன்னு சட்டமே சொல்ற வேலைங்க. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், ஆர்க்கிடெக்ட், கட்டடத்தோட டிசைன்ல கையெழுத்துப் போடுற இன்ஜினியர், இதெல்லாம். இங்க மேஜர் முக்கியமாங்குற பேச்சுக்கே இடமில்ல, அந்தப் படிப்பு இல்லைன்னா உள்ளயே விட மாட்டாங்க, எவ்ளோ திறமை இருந்தாலும் சரி.

ஆனா பூட்டு நாட்டுக்கு நாடு மாறும், இதைப் பல பேர் கவனிக்கிறதே இல்ல. அமெரிக்காவுல டாக்டராகணும்னா முதல்ல ஒரு டிகிரி முடிச்சிட்டுத்தான் மருத்துவக் கல்லூரிக்குப் போகணும், அந்த முதல் டிகிரி இலக்கியமா இருந்தாலும் இசையா இருந்தாலும் பரவாயில்ல, உயிரியல் வேதியியல் இயற்பியல்னு அவங்க கேக்குற பேப்பர்கள முடிச்சிருந்தா போதும். வேற பல நாடுகள்ல ஸ்கூல் முடிச்ச கையோட நேரா மருத்துவம்தான். வக்கீல் வேலையும் அப்படித்தான், இங்கிலாந்துல வரலாறு படிச்சிட்டு அதுக்கப்புறம் சட்டத்த தனியாப் படிச்சு வக்கீலானவங்க ஏராளம். சில வேலைக்கு டிகிரி பூட்டே கிடையாது, பரீட்சைதான் பூட்டு. இன்ஷூரன்ஸ்ல ரிஸ்க் கணக்குப் போடுற ஆக்சுவரி வேலை அப்படி, கணக்கு படிச்சிருந்தா சுலபம், ஆனா எந்த மேஜர்காரங்களும் வரிசையா அந்தப் பரீட்சைகள பாஸ் பண்ணிட்டு வரலாம். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னத நம்பாம, அந்த வேலைக்கு லைசென்ஸ் குடுக்குற அமைப்பு என்ன விதி போட்டிருக்குன்னு நேரா போய்ப் படிங்க. ஒரு மணி நேர வேலை, நாலு வருஷம் மிச்சமாகும்.

சரி, சம்பளத்துல மேஜரால நிஜமாவே வித்தியாசம் வருதா? இல்ல நல்லாப் படிக்கிற பசங்க அந்த மேஜர்ல சேர்றதாலயா?

இந்தப் பக்கத்துலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான், அதனால பதில் கொஞ்சம் நீளும்.

முதல்ல மேலோட்டமான கணக்கு. அமெரிக்காவுல ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் 2015ல ஒரு அறிக்கை போட்டாங்க, அதிகச் சம்பளம் வர்ற மேஜருக்கும் கம்மியான சம்பளம் வர்ற மேஜருக்கும் வாழ்நாள் சம்பாத்தியத்துல வித்தியாசம் 34 லட்சம் டாலர்னு. மேல இருந்தது பெட்ரோலியம் இன்ஜினியரிங், கீழ இருந்தது சின்னக் குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற படிப்பு. இதைப் பாத்துட்டு உடனே பதறுறவங்கதான் ஜாஸ்தி. ஆனா நீங்க கேட்ட மாதிரி, கணக்குல புலியா இருக்குற பொண்ணு இன்ஜினியரிங் போறா, அவ எங்க போயிருந்தாலும் நல்லா சம்பாதிச்சிருப்பாளோ என்னவோ, அப்போ அது மேஜரோட புண்ணியமா அவளோட புண்ணியமா?

இதைப் பிரிச்சுப் பாக்க ஆராய்ச்சிக்காரங்க ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சாங்க. கட் ஆஃப்ல மயிரிழையில உள்ள போனவங்களையும் மயிரிழையில வெளிய நின்னவங்களையும் ஒப்பிடுறது. ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆளுங்க, ஒருத்தருக்கு ஒரு மார்க் கூட, ஒருத்தருக்கு ஒரு மார்க் கம்மி, அவ்ளோதான். நார்வேல எல்லா மாணவர்களும் ஒரே சிஸ்டத்துல விருப்பப் பட்டியல் குடுத்துத்தான் காலேஜ்ல சேரணும், அந்த டேட்டாவ வெச்சு 2016ல வந்த ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, மேஜரோட தாக்கம் நிஜம், சின்னதும் இல்ல, பல இடத்துல டிகிரி இருக்கா இல்லையாங்குற வித்தியாசத்துக்கு ஈடா மேஜரே வித்தியாசம் பண்ணுது.

கலிஃபோர்னியாவுல சான்டா க்ரூஸ்ங்குற ஊர்ல இருக்குற பல்கலைக்கழகத்துல இதே மாதிரி இன்னொரு ஆராய்ச்சி, 2022ல வெளிவந்தது. அங்க பொருளாதார மேஜர் எடுக்க ஆரம்பப் பாடங்கள்ல நாலுக்குச் சராசரி 2.8 வாங்கணும்னு ஒரு கோடு போட்டிருந்தாங்க. கோட்டுக்கு மேல கீழன்னு ரெண்டு பக்கமும் ஒட்டி நின்னவங்களப் பாத்தா, பொருளாதாரம் கிடைச்சவங்க வேலைக்குப் போன ஆரம்ப வருஷங்கள்ல வருஷத்துக்குச் சுமார் 22,000 டாலர் அதிகமா வாங்கியிருக்காங்க, அதாவது 46 சதவீதம். ஒரே காலேஜ், ஒரே மாதிரி பசங்க. அப்போ மேஜர் சும்மா பேருக்குன்னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க.

அப்படின்னா சம்பளம் ஜாஸ்தியா வர்ற மேஜரையே கண்ண மூடிட்டு எடுத்துரலாமே?

கண்ணத் திறந்துக்கிட்டு எடுங்க. மேல சொன்ன பொருளாதார ஆராய்ச்சியில ஒரு நுணுக்கம் இருக்கு, அந்த வித்தியாசத்துல பாதி எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா, அவங்க பேங்க், இன்ஷூரன்ஸ், அக்கவுண்டிங் மாதிரி காசு புழங்குற துறைகளுக்குப் போனதுல இருந்து. டிமாண்ட் சப்ளை கோடு வரையத் தெரிஞ்சதுக்காக யாரும் கூடக் குடுக்கல, மேஜர் அவங்கள ஒரு குறிப்பிட்ட தெருவுல கொண்டு போய் விட்டுச்சு, அந்தத் தெருவுல சம்பளம் ஜாஸ்தி. அதே மேஜர எடுத்துட்டு அந்தத் தெருவுக்குப் போகப் பிடிக்காதவங்களுக்கு அதே பலன் வரும்னு சொல்ல முடியாது.

நார்வே ஆராய்ச்சியிலயும் இது மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது. பசங்க பெரும்பாலும் தனக்கு எது ஒப்பீட்டளவுல நல்லா வருமோ அதைத்தான் விருப்பப் பட்டியல்ல போடுறாங்க. அதாவது சம்பளப் பட்டியல்ல மேல இருக்குற மேஜரோட சராசரிச் சம்பளம் உங்க சம்பளம் இல்ல. சராசரிங்குறது ஒரு மேஜர்ல நல்லாப் பண்ணவன், தத்தளிச்சவன், அரியர் வெச்சவன் எல்லாரையும் கலந்து வந்த நம்பரு, நீங்க அதுல எந்தப் பக்கம் இருப்பீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். பிடிக்காத இன்ஜினியரிங்க தட்டுத்தடுமாறி முடிச்சவன விட, புள்ளியியல நல்லாக் கத்துக்கிட்ட சமூகவியல்காரன நான் சந்தோஷமா எடுத்திருக்கேன், ஒரு தடவ இல்ல, நாலு தடவ.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா சேஃப்தானே?

ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தோம். அமெரிக்க மத்திய வங்கியோட ஒரு கிளையான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, அந்த நாட்டுல புதுசா டிகிரி முடிச்சவங்களோட நிலைமைய மேஜர் வாரியா பட்டியல் போடுவாங்க. 2025ல வந்த பட்டியல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்கள்ல வேலை இல்லாதவங்க 6.1 சதவீதம், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்ல 7.5. கலை வரலாறு படிச்சவங்கள்ல 3 சதவீதம்தான். இந்த நம்பரு வெளிய வந்ததும் எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, பாத்தியா கலை வரலாறு படிச்சவன்தான் புத்திசாலின்னு ஒரே கொண்டாட்டம்.

ஆனா அதே பட்டியல்ல அடுத்த கட்டத்தையும் பாக்கணும். வேலை இருக்கு, ஆனா அந்த வேலைக்கு டிகிரியே தேவையில்லங்குற நிலைமையில எத்தன பேர் இருக்காங்கன்னு ஒரு கணக்கு உண்டு. கலை வரலாறுல கிட்டத்தட்ட பாதிப் பேர் அப்படி இருக்காங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஆறுல ஒருத்தர். எந்த வேலை கிடைச்சாலும் போறவங்களுக்கு வேலையில்லாத் திண்டாட்டம் கம்மியாத் தெரியும், நல்ல வேலைக்காகக் காத்திருக்குறவங்களுக்கு ஜாஸ்தியாத் தெரியும். ஒத்த நம்பர வெச்சு மேஜர் முடிவு பண்ணாதீங்க, ஸ்கிரீன்ஷாட் வெச்சு சுத்தமாப் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, டெக்னிக்கல் மேஜர்ல கிடைக்கிற கூடுதல் சம்பளம் ஆரம்பத்துலதான் உச்சத்துல இருக்கும். டேவிட் டெமிங்னு ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர், கதீம் நோரேங்குறவரோட சேர்ந்து 2020ல வெளியிட்ட ஆராய்ச்சியில, அந்தக் கூடுதல் பங்கு முதல் பத்து வருஷத்துல பாதிக்கும் மேல கரைஞ்சு போகுதுன்னு காட்டியிருக்காங்க. காரணம் என்னன்னா அந்தத் துறைகள்ல கத்துக்கிட்டது சீக்கிரம் பழசாகிடுது, புதுசா வர்றவன் புது டூல் தெரிஞ்சுக்கிட்டு வர்றான். படிப்பு முடிஞ்சும் படிச்சிட்டே இருக்கணும்ங்குறது அந்த வேலைகள்ல அட்வைஸ் இல்ல, பிழைப்பு.

ஆர்ட்ஸ் எடுத்தா எதிர்காலமே இல்லன்னு வீட்ல சொல்றாங்க.

முதல் அஞ்சு வருஷம் கஷ்டமா இருக்க வாய்ப்பு ஜாஸ்திங்குறது உண்மை, அதை மறைக்கிறதுல எனக்கு இஷ்டமில்ல. இன்ஜினியரிங் முடிச்சவனுக்கு எந்த வேலைக்கு அப்ளை பண்ணணும்னு தானாத் தெரியும், அந்த வேலையோட பேரும் மேஜரோட பேரும் ஒண்ணா இருக்கும். தத்துவம் படிச்சவங்களுக்கு 'தத்துவவாதி தேவை'ன்னு யாரும் விளம்பரம் குடுக்குறதில்ல, வழிய அவங்களேதான் தேடணும். அறிவு கம்மிங்குறதால வர்ற கஷ்டம் இல்ல இது, வழிகாட்டிப் பலகை இல்லாததால வர்ற கஷ்டம். அந்தத் தேடல ரெண்டாம் வருஷத்துலயே ஆரம்பிச்சவங்க பெரும்பாலும் தப்பிச்சுக்குறாங்க, டிகிரி கையில வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தவங்கதான் மாட்டிக்கிறாங்க.

யூட்யூபோட முன்னாள் தலைவரே வரலாறும் இலக்கியமும் படிச்சவங்கதானே? பில் கேட்ஸ் படிப்ப பாதியில விட்டவர்தானே?

ஆமா. சூசன் வோஜ்சிக்கி ஹார்வர்டுல வரலாறும் இலக்கியமும் படிச்சிட்டுத்தான் யூட்யூப நடத்துனாங்க. ஆபீஸ்ல மெசேஜ் அனுப்பிக்கிற ஸ்லாக் ஆப்ப உருவாக்குன ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு படிச்சது தத்துவம். ஏஞ்சலா மெர்க்கல் இயற்பியல் படிச்சிட்டு ஜெர்மனிய 16 வருஷம் ஆண்டாங்க. கேட்ஸ் 1975ல ஹார்வர்டுல இருந்து வெளிய வந்தாரு. எல்லாம் உண்மைதான், ஆனா இந்த லிஸ்ட்டால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கடல்ல விழுந்து நீந்திக் கரைசேர்ந்தவன் மட்டும்தான் வந்து கதை சொல்லுவான், முழுகிப்போனவன் எங்க சொல்றது. அதுலயும் கேட்ஸ் வெளிய வந்தது ஹார்வர்டுல இருந்து, அதுக்கு முன்னாடி ஸ்கூல் காலத்துலேருந்தே ப்ரோக்ராம் எழுதிட்டு இருந்தவரு. நம்மாளு மூணு அரியரோட காலேஜ விட்டுட்டு கேட்ஸ உதாரணம் காட்டுனா என்ன சொல்றது.

இந்த மாதிரி கதைகள்ல எனக்கு உருப்படியாப் படுறது வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனோடது மட்டும்தான். இயற்பியல்ல டாக்டர் பட்டமே 1976ல வாங்கிட்டாரு. அதுக்கப்புறம் உயிரியல்ல ஆர்வம் வந்து, மறுபடியும் மாணவரா போய் அடிப்படையிலேருந்து உயிரியல் படிச்சாரு. செல்லுக்குள்ள புரதம் தயாரிக்கிற ரைபோசோம் பத்தின ஆராய்ச்சிக்காக 2009ல நோபல் கிடைச்சது வேதியியல்ல. இதுல மேஜர் முக்கியமில்லன்னு நினைக்காதீங்க, மேஜர மாத்தணும்னா அவர மாதிரி உக்காந்து மறுபடி படிக்கணும்.

படிச்ச படிப்புக்கும் பாக்குற வேலைக்கும் சம்பந்தமே இல்ல. நான் தோத்துட்டேனா?

நீங்கதான் பெரும்பான்மை. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ்ல இருக்குற ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2010ஆம் வருஷத்து அமெரிக்க டேட்டாவ வெச்சுப் பாத்தாங்க, டிகிரி முடிச்சவங்கள்ல மேஜரோட நேரடியாச் சம்பந்தப்பட்ட வேலையில இருந்தவங்க 27 சதவீதம். டிகிரி தேவைப்படுற வேலையில இருந்தவங்க 62 சதவீதம். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, கதை புரியும். டிகிரி கேக்குற வேலைங்கள்ல பாதிக்கும் மேல, என்ன டிகிரின்னு கவலையே படுறதில்ல.

மேஜர் முக்கியமா, காலேஜ் பேரு முக்கியமா?

பெரும்பாலானவங்களுக்கு மேஜர். நார்வே ஆராய்ச்சியில எந்தக் காலேஜ்ங்குறதோட தாக்கம் மேஜர விட ரொம்பச் சின்னது. அமெரிக்காவுல 2002ல டேல், க்ரூகர்னு ரெண்டு பேர் வேற விதமாப் பாத்தாங்க, பேர்பெற்ற பெரிய காலேஜ்ல இடம் கிடைச்சும் அவ்ளோ பேர் இல்லாத சின்னக் காலேஜுக்குப் போனவங்க என்ன ஆனாங்கன்னு. சராசரியாப் பாத்தா, பெரிய காலேஜுக்குப் போனவங்க அளவுக்கே சம்பாதிச்சாங்க. ஆனா வசதி கம்மியான வீட்டுப் பசங்களுக்கு மட்டும் பெரிய காலேஜ் நல்ல பலன் குடுத்துச்சு. அவங்களுக்கு அந்தப் பேரும் அங்க கிடைக்கிற ஆள் தொடர்புகளும் வேற எங்கயும் கிடைக்காதுங்குறதாலன்னு நான் நினைக்கிறேன், அந்த மாதிரி வீட்லேருந்து வர்றவங்க காலேஜ் பேர லேசா விட்டுக்குடுக்காதீங்க.

தப்பான மேஜர் எடுத்துட்டேன்னு இப்பத்தான் புரியுது, மாத்தலாமா?

எந்த வருஷத்துல இருக்கீங்க? முதல் ரெண்டு வருஷம்னா, உங்க காலேஜ் விட்டா மாத்துங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. அமெரிக்கக் கல்வித்துறையோட கணக்குல மூணுல ஒரு பங்குப் பேர் முதல் மூணு வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது மேஜர மாத்துறாங்க, கணக்கு மேஜர்ல ஆரம்பிச்சவங்கள்ல பாதிக்கும் மேல, 52 சதவீதம். ஆனா பாடம் பிடிக்கலையா, வாத்தியார் பிடிக்கலையான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. ஒரு மோசமான வாத்தியாராலயும், ஒரு செமஸ்டர் மார்க் போனதாலயும் மாத்தினவங்க புது மேஜர்லயும் இன்னொரு மோசமான வாத்தியாரச் சந்திக்கத்தான் போறாங்க.

கடைசி வருஷம்னா முடிச்சிடுங்க. பாதிக் கிணறு தாண்டினாதான் ஆபத்து, முக்காலே மூணுவீசம் தாண்டினவன் திரும்பிப் பாக்கக் கூடாது. மீதி இருக்குற மாசங்கள்ல போகணும்னு நினைக்கிற துறையில கைய வெச்சு ஒரு பிராஜெக்ட் பண்ணுங்க, சின்னதா இருந்தாலும் முழுசா முடிச்சதா இருக்கணும், முடிக்காம விட்ட அஞ்சு பிராஜெக்ட்ட விட முடிச்ச ஒண்ணு மேல்.

மாத்தவும் முடியல, முடிக்கவும் போறேன். இனிமே எதுல கவனம் வைக்கணும்?

முதல் வேலையில. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலத்தான் படிக்கப் போறீங்கன்னா இதைப் படிங்க.

மேஜர் தேர்ந்தெடுக்க வருஷக்கணக்குல சண்டை போடுற குடும்பங்க, முதல் வேலையத் தேர்ந்தெடுக்குறதுக்கு ஒரு வாரம் கூட யோசிக்கிறதில்ல, ஏதோ ஒண்ணு கிடைச்சா போதும்னு சேர்த்து விட்டுடுறாங்க. ஆனா முதல் வேலை ஒட்டிக்கும். அமெரிக்காவுல 2018ல வந்த ஒரு பெரிய ரெஸ்யூமே ஆய்வு, டிகிரி தேவையில்லாத வேலையில ஆரம்பிச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்குப் பேர் அஞ்சு வருஷம் கழிச்சும் அதே மாதிரி வேலையிலதான் இருந்தாங்கன்னு சொல்லுது. கனடாவுல பொருளாதார மந்தத்துல டிகிரி முடிச்சவங்கள ரொம்ப வருஷம் தொடர்ந்து பாத்து 2012ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ஆரம்பத்துல சம்பளம் 9 சதவீதம் கம்மி, அந்தக் குறை முழுசா ஆற பத்து வருஷம் ஆச்சு. அவங்க மேஜர்ல என்ன தப்பு? ஒண்ணுமில்ல, வெளிய வந்த நேரம் அப்படி. அதுலேருந்து சீக்கிரம் மீண்டவங்க எப்படி மீண்டாங்கன்னும் அதுல இருக்கு, இருக்குற இடத்துலயே உக்காராம கொஞ்சம் கொஞ்சமா நல்ல கம்பெனிகளுக்கு மாறினவங்க.

என் கதையும் இதேதான். வேதியியல் முடிச்சிட்டு ஒரு லேப்ல ரிசல்ட்ட எல்லாம் எக்ஸெல்ல ஏத்துற வேலை, சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இல்ல. கூடப் படிச்ச ஒருத்தனுக்கு அதை விட நல்ல சம்பளத்துல சேல்ஸ் வேலை கிடைச்சுது, எனக்குப் பொறாமையா இருந்துச்சு. ஆனா அந்த எக்ஸெல்தான் என்னை மேக்ரோ (எக்ஸெல் வேலைய தானா செய்ய வைக்கிற குட்டி ப்ரோக்ராம்) பக்கம் தள்ளுச்சு, மேக்ரோ எஸ்கியூஎல் (டேட்டாபேஸ்லேருந்து டேட்டா எடுக்குற மொழி) பக்கம் தள்ளுச்சு, மூணு வருஷத்துல நான் வேற ஆளு. அவனும் நல்லாத்தான் இருக்கான், சேல்ஸ்லயே மேனேஜர். ரெண்டு பேருக்கும் மேஜர் ஒண்ணு, முதல் வேலை வேற. அதனால முதல் வேலைய எடுக்கும்போது சம்பளத்தோட சேத்து ஒண்ணு கேளுங்க, இங்க மூணு வருஷம் இருந்தா எனக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்கும்? பதில் ஒண்ணும் தோணலைன்னா, வேற வழி இருந்தா சேராதீங்க. வேற வழி இல்லைன்னா சேருங்க, ஆனா சேர்ந்த அன்னிக்கே அடுத்ததத் தேட ஆரம்பிங்க.

கம்பெனிகளே இப்ப டிகிரி வேண்டாம், ஸ்கில் போதும்னு சொல்றாங்களே?

சொல்றாங்க, செய்யறது கம்மி. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் வேலைச் சந்தைய ஆராயுற பர்னிங் கிளாஸ் நிறுவனமும் சேர்ந்து 2024ல அறிக்கை விட்டாங்க, டிகிரி நிபந்தனைய எடுத்ததால வேலை கிடைச்சவங்க அதுக்கு முந்தின வருஷத்துல சேர்ந்த 700 பேர்ல ஒருத்தர் கூட இல்ல. அறிக்கை விடுறது மேல இருக்குறவங்க, ஆள் எடுக்குறது என்ன மாதிரி ஆளுங்க. எங்க கையில 300 ரெஸ்யூமே, ஒரு சாயங்காலம், சீக்கிரம் குறைக்கணும், அப்போ டிகிரிதான் சுலபமான சல்லடை. மைக்கேல் ஸ்பென்ஸ்னு பொருளாதார நிபுணர் 1973லயே இதைத்தான் எழுதினாரு, டிகிரியில நீ என்ன கத்துக்கிட்டங்குறத விட, இவ்ளோ கஷ்டமானத முடிக்கிற ஆளு நீங்குற அடையாளத்துக்குத்தான் நிறைய இடத்துல மதிப்புன்னு. 2001ல நோபல் குடுத்தாங்க அவருக்கு. நியாயமா இல்லையாங்குறது வேற, நடைமுறை இதுதான்.

ஒரே தொழிலுக்கான படிப்பு நல்லதா, பொதுவான படிப்பு நல்லதா?

சீக்கிரம் சம்பாதிக்கணும்னா தொழில் படிப்பு. ஆனா 11 நாட்டு டேட்டாவ வெச்சு 2017ல வந்த ஒரு ஆராய்ச்சியில, தொழில் படிப்பு படிச்சவங்களுக்கு ஆரம்பத்துல வேலை சுலபமாக் கிடைக்குது, வயசானப்புறம் அந்தத் தொழில் மாறும்போது சிரமப்படுறாங்க, பொதுப்படிப்புக்காரங்க நேர் எதிர்னு வந்துச்சு. தொழில் பயிற்சிக்குப் பேர்போன ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்துலதான் இது பளிச்சுனு தெரிஞ்சுது. வீட்டு நிலைமை அவசரமா இருந்தா முதலாவத எடுங்க, நாப்பது வயசுக்காக இருபது வயசுல பட்டினி கிடக்க முடியாது.

ரெண்டு மேஜர் பண்ணா?

ஒண்ண உருப்படியாப் பண்ணுங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தூரமா இருந்தா மட்டும், உயிரியலும் ப்ரோக்ராமிங்கும் மாதிரி, அர்த்தமிருக்கு.

என் பொண்ணு வரலாறுதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, என்ன பண்ணட்டும்?

அவள ஒண்ணு கேளுங்கம்மா, திட்டாம கேளுங்க. வரலாறு படிச்சு முடிச்சவங்க மூணு பேரக் கண்டுபிடிச்சு, அவங்க இப்ப என்ன பண்றாங்க, முதல் வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு விசாரிச்சிட்டு வரச் சொல்லுங்க. உண்மையிலேயே ஆர்வம் இருந்தா ஒரு மாசத்துல ஆறு பேரப் பாத்துட்டு வருவா, அப்போ விட்டுடுங்க, அவ்ளோ தூரம் அலையத் தெரிஞ்ச பொண்ணு வழியக் கண்டுபிடிச்சுடுவா. கூடவே எழுத்தோ புள்ளியியலோ இன்னொரு மொழியோ, கையில காட்டுற மாதிரி ஒரு திறமைய இந்த மூணு நாலு வருஷத்துல வளத்துக்கணும்னு ஒப்பந்தம் போட்டுக்குங்க. ஒருத்தரையும் பாக்காம, கணக்கு வராதுங்குறதாலதான் வரலாறுன்னு தெரிஞ்சா, அப்போ பேச்ச மறுபடி ஆரம்பிக்கலாம்.

இன்டர்வியூல 'ஏன் இந்த மேஜர் படிச்சிட்டு இந்த வேலைக்கு வந்தீங்க'ன்னு கேட்டா?

மன்னிப்புக் கேக்குற மாதிரி பேசாதீங்க. நிறையப் பேர் 'அப்போ தெரியாம எடுத்துட்டேன் சார்'னு ஆரம்பிக்கிறாங்க, அதோட நான் சோர்ந்துடுறேன். உங்க பாடத்துல நீங்க செஞ்ச ஒரு குறிப்பான வேலையச் சொல்லி, அது இந்த வேலையில எங்க பொருந்தும்னு காட்டுங்க. ஒரு தடவ மொழியியல் படிச்ச பொண்ணு ஒருத்தி வந்தா, எங்க வேலை கஸ்டமர் புகார்கள வகை பிரிக்கிறது. 'ரெண்டாயிரம் வாக்கியத்த கையால வகைப்படுத்தியிருக்கேன், எங்கெங்க ரெண்டு பேர் வேற வேற மாதிரி பிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்'னா. எங்க டீம்ல இருந்த யாருக்கும் அது தெரியாது. அன்னிக்கே எடுத்துட்டோம்.

மறுபடி சான்ஸ் கிடைச்சா நீங்க வேதியியலே எடுப்பீங்களா?

எடுப்பேன், ஆனா புள்ளியியல்ல ரெண்டு பேப்பர் கூடச் சேத்துக்குவேன், அப்போ கிளாஸ் மதியம் ரெண்டு மணிக்குன்னு விட்டுட்டேன். டைட்ரேஷன்னு கரைசலோட செறிவ அளக்குற சோதனை பண்ணும்போது ரீடிங் ஒத்து வரலைன்னா பழைய நம்பர அழிக்கக் கூடாது, ஒரு கோடு மட்டும் போட்டு பக்கத்துல புதுச எழுதணும்னு எங்க லேப் மேடம் அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கும் டேட்டாவுல தப்பான நம்பர் வந்தா நான் அழிக்கிறதில்ல, பக்கத்துல இன்னொரு நெடுவரிசை போட்டுத்தான் திருத்துறேன், டீம்ல புதுசா வர்றவங்க ஏன்னு கேப்பாங்க, மேடம் கதையத்தான் சொல்லுவேன்.